உங்களுக்குத் தெரியுமா? யாழ்ப்பாணமும் ஜப்பானிய கான்ஜியும்

தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டா என்று தேடிய தோக்கியோப் பேராசிரியர் சுசுமு ஓனோவோடு சேர்ந்து உழைத்தவர்கள், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அ. சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் இணையர்.

மொழியியலாளர் பலர் அந்த உறவை ஏற்கவில்லை. சொல் ஒப்புமைகள் தற்செயலாகலாம் என்கிறார்கள். நியாயமான ஐயமே. ஆனால் இரு மொழியிலும் வினை கடைசியில் நிற்பதும், விகுதிகள் அதன் பின்னே ஒட்டுவதும் கண்கூடு. ஜப்பானியத்தில் வழங்கும் சீன எழுத்துகளான கான்ஜியின் வாசிப்பில் நமக்குக் கைகொடுப்பது இதுதான். தபெரு (உண்பேன்), தபெதா (உண்டேன்), தபெனாய் (உண்ணேன்) மூன்றிலும் கான்ஜி ஒன்றே. மாறும் விகுதி ஹிரகானா என்னும் ஒலியெழுத்தில் வரும். அதே கான்ஜி, 'ஷொகுஜி' (உணவு) என்ற சொல்லில் சீனவழி ஒலிப்பான 'ஷொகு' ஆகிவிடும். அன்றாட வழக்குக்கென ஜப்பானிய அரசு வகுத்த 2,136 கான்ஜிகளில் பலவற்றுக்கு இப்படிப் பல ஒலிகள். பட்டியலாக மனனம் செய்தால் விரைவில் சேருமே என்று கேட்கலாம். எழுத்து சேரும், எந்த இடத்தில் எந்த ஒலி என்பது சேராது, அதைக் காட்டும் விகுதியும் பக்கத்துச் சொல்லும் பட்டியலில் இல்லையே. ஜப்பானியம் கற்பதில் இடைநிலையை எட்டியவர்கள் கான்ஜியைத் தனியே படிக்காமல் முழுச் சொல்லாக, விகுதியோடு வாசித்துப் பழகுங்கள்.