துபாய்க்குப் போகிறவர்களுக்கு

நமது ரூபாய் நோட்டை நீட்டித் துபாய்க் கடைவீதியில் சாமான் வாங்கலாம் என்றிருந்த காலம் ஒன்று உண்டு. இந்திய ரூபாயே அங்கு வெகுகாலம் செலாவணியாயிருந்தது. 1959-ல் வளைகுடா நாடுகளுக்கென்று நமது ரிஸர்வ் பாங்கி தனி ரூபாய் நோட்டுகள் வெளியிட்டது. 1966-ல் ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டதும் துபாய் அதைக் கைவிட்டது. அதே 1966-ல்தான் துபாய்க் கடலடியில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. 1971 டிஸம்பர் 2-ந் தேதி ஐக்கிய அரபு எமிரேட்டுகள் என்ற தேசம் பிறந்தது. 1973-ல் திர்ஹம் நாணயம் வந்தது. நம் ரூபாயைத் தேடிய ஊருக்கு இன்று நாம் திர்ஹத்தைத் தேடிப் போகிறோம். இருபது ரூபாய்க்கு மேல் கொடுத்தால்தான் ஒரு திர்ஹம் கிடைக்கிறது!

கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் கூத்தாநல்லூரிலும் துபாயைப் பற்றிப் பேசாத வீடு அரிது. இப்போது அந்த நிலை எல்லா ஜில்லாக்களுக்கும் பரவிவிட்டது. சென்னையிலோ திருச்சியிலோ மதுரையிலோ விமானம் ஏறினால் சுமார் நான்கு மணி நேரத்தில் அங்கே இறங்கலாம். கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் பின்னுக்குத் தள்ளி வைப்பது சுலபம். பழக்க வழக்கங்களைத் திருப்பி வைப்பது அவ்வளவு சுலபமல்ல. உபாத்தியாயத் தொழிலில் இருக்கும் நம்மைத் தேடிப் பழைய மாணவர்கள் விடுமுறையில் வருவதுண்டு. அவர்கள் பேச்சு எங்கே தொடங்கினாலும் இரண்டு விஷயங்களில் வந்து நிற்கும்: ஒன்று சாலை, மற்றொன்று வாடகை. ஆகவே அவ்விரண்டையும் பற்றி, புதிதாகப் போகிறவர்களும் அவர்களை அனுப்பிவிட்டு வீட்டிலிருப்பவர்களும் அறிய வேண்டிய சிலவற்றை இங்கே கூறுவோம்.

கை மாறிய சக்கரம்

நம் நாட்டில் வண்டிகள் சாலையின் இடப் பக்கமாகப் போகின்றன. அங்கே வலப் பக்கம். காரின் சக்கரமும் இடப் பக்கத்தில் இருக்கிறது. இது சிறு விஷயம் போல் தோன்றும். ஆனால் இருபது வருஷம் ஓட்டிக் கை தேர்ந்தவருக்கே இதில்தான் அபாயம் அதிகம்; ஏனெனில் அவருடைய கை யோசிக்காமலே பழைய பக்கம் போகும். முக்கியமாக மூன்று இடங்களில் கவனம் வேண்டும். முதலாவது, இடப் பக்கம் திரும்பும்போது எதிர் வரிசையைக் கடந்து போக வேண்டியிருக்கிறது. இரண்டாவது, வட்டச் சந்திப்புகளில் வண்டிகள் இடஞ்சுழியாகச் சுற்றுகின்றன. உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவருக்கே முதல் வழி, புதிதாக நுழைபவர் காத்திருக்க வேண்டும். மூன்றாவது, நடந்து போகிறவர் சாலையைக் கடக்குமுன் முதலில் இடப் பக்கம் பார்க்க வேண்டும். கார் இல்லாதவர்களும் இந்த மூன்றாவதை மறக்கலாகாது. கண்ட இடத்தில் சாலையைக் கடப்பவருக்கு 400 திர்ஹம் அபராதம். உயிருக்கு நேரும் அபாயம் வேறு.

லைஸென்ஸ் பரீக்ஷை

சுற்றிப் பார்க்கப் போகிறவர் ஸர்வதேச அனுமதிச் சீட்டை வைத்துக்கொண்டு ஓட்டலாம். ஆனால் குடியிருப்பு விஸா கையில் வந்த பிறகு, இந்திய லைஸென்ஸ் அங்கே செல்லாது. சில தேசத்தார் தம் லைஸென்ஸைக் கொடுத்து அந்நாட்டு லைஸென்ஸ் மாற்றிக்கொள்ள முடிகிறது. நமக்குச் சாதாரணமாக அந்தச் சலுகை இல்லை. பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, கண் பரிசோதனை செய்துகொண்டு, விதிகளைப் பற்றிய பாடங்களைக் கேட்டு, பரீக்ஷை எழுதி, பிறகு வண்டியை ஒதுக்கி நிறுத்தும் சோதனை, கடைசியாகச் சாலைச் சோதனை என்று படிப்படியாகத் தேற வேண்டும். விதிகளைப் பற்றிய பரீக்ஷையைத் தமிழிலேயே எழுத இடமிருக்கிறது என்பது நம்மவர்க்கு மகிழ்ச்சியளிக்கும் செய்தி.

செலவு சில ஆயிரம் திர்ஹம் ஆகும். ஒரு முறை தவறினால் மறுபடி பாடம், மறுபடி கட்டணம். டிரைவர் வேலையை நம்பிக் கடன் வாங்கிக்கொண்டு போகிறவர் இதை முன்னமே கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். லைஸென்ஸுக்கான செலவை முதலாளி ஏற்கிறாரா, சம்பளத்தில் பிடிக்கிறாரா என்பதைப் புறப்படுமுன் எழுத்தில் கேட்டு வாங்குவது நலம்.

குடும்பத்துடன் போகும் நம் பெண்மணிகளுக்கும் ஒன்று சொல்வோம். கணவர் காலையில் போய் இரவில் திரும்பும் ஊரில், குழந்தையை வைத்தியரிடம் கொண்டுபோவதற்கும் காய்கறி வாங்குவதற்கும் பிறரை எதிர்பார்த்திருப்பது மனத்துக்குக் கஷ்டம். லைஸென்ஸ் பெற்ற பெண்களுக்கு அந்நகரம் பாதி பழகிவிட்டது என்றே சொல்லலாம்.

காமிராவின் கண்

துபாய்ச் சாலைகளில் போலீஸ்காரரை அடிக்கடி காண முடியாது. ஆனால் காமிராக்கள் இரவு பகல் விழித்திருக்கின்றன. சிவப்பு விளக்கை மீறிப் போனால் 1,000 திர்ஹம் அபராதம், 12 கரும்புள்ளிகள், 30 நாள் வண்டி பறிமுதல். ஓட்டும்போது டெலிபோனைக் கையில் எடுத்தால் 800 திர்ஹமும் 4 புள்ளிகளும். இருக்கை வார் அணியாவிட்டால் 400 திர்ஹமும் 4 புள்ளிகளும். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தனி ஆசனம் இல்லாவிட்டாலும் 400 திர்ஹம்தான். ஒரு வருஷத்தில் 24 புள்ளிகள் சேர்ந்தால் லைஸென்ஸ் நிறுத்தி வைக்கப்படும். டிரைவர் தொழில் செய்பவருக்கு அன்றே பிழைப்புப் போயிற்று. மது அருந்திவிட்டு ஓட்டுவதற்கு ஒரு சொட்டளவு கூட மன்னிப்பில்லை.

அபராதத்தை விடப் பெரிய விஷயம் ஒன்றிருக்கிறது. ஒருவருடைய கவனக் குறைவால் சாலையில் உயிர்ச்சேதம் நேர்ந்தால், தண்டனையோடு இறந்தவர் குடும்பத்துக்கு இரத்தப் பணம் என்ற நஷ்டஈடும் விதிக்கப்படுகிறது. அந்தத் தொகை 2 லட்சம் திர்ஹம். இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டியையோ, தமக்கு உரிய லைஸென்ஸ் இல்லாத வண்டியையோ சிநேகிதருக்காகக் கூடத் தொடலாகாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை. சிறிய மோதலானாலும் போலீஸாருக்குத் தெரிவித்துச் சீட்டு வாங்க வேண்டும்; அந்தச் சீட்டில்லாமல் எந்தப் பட்டறையும் வண்டியில் கை வைக்காது. மற்றொன்று: கோபத்தில் பிற வண்டிக்காரரைப் பார்த்துக் கையால் அவமரியாதையான ஜாடை காட்டுவதும், வசை மொழி கூறுவதும் அங்கே சட்டப்படி குற்றம். நாடு கடத்தப்படுவதற்கும் அது காரணமாகலாம்.

பகலில் தெரியாத சத்துரு ஒன்றும் அங்கே உண்டு. அதுதான் குளிர் காலத்து விடியற்கால மூடுபனி. 2008 மார்ச்சில் துபாய்க்கும் அபுதாபிக்கும் இடையே கந்தூத் அருகில் பனி மூட்டத்தில் நூற்றுக்கணக்கான வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக மோதின; அவற்றில் பல எரிந்தன. மழையையும் அலட்சியம் செய்யக் கூடாது. 2024 ஏப்ரல் 16-ந் தேதி அந்நாட்டில் எழுபத்தைந்து வருஷத்தில் காணாத மழை பெய்தது. அல்ஐன் பகுதியில் ஓரிடத்தில் ஒரே நாளில் 254 மில்லிமீட்டர் பதிவாயிற்று. நெடுஞ்சாலைகளில் கார்கள் மிதந்தன. பாலைவன நகரம்தானே என்று தண்ணீரில் வண்டியை விட்டவர்கள் தவித்தார்கள்.

கார் வேண்டுமா?

சம்பளம் வந்த இரண்டாம் மாதமே கடனில் கார் வாங்கும் ஆசை நம் இளைஞர்களுக்கு உண்டாகிறது. காரின் தவணையோடு செலவு நிற்பதில்லை. இன்ஷூரன்ஸ், வருஷாந்தரப் பதிவு, நிறுத்தக் கட்டணம், ஸாலிக் என்னும் சுங்கம் எல்லாம் சேரும். 2007-ல் ஏற்பட்ட இந்தச் சுங்கம் ஒரு வாயிலுக்கு 4 திர்ஹமாக இருந்தது. 2025 ஜனவரி 31 முதல், காலை 6 மணியிலிருந்து 10 மணி வரையிலும், மாலை 4 மணியிலிருந்து 8 மணி வரையிலும் 6 திர்ஹம். ஞாயிற்றுக்கிழமையிலும் மற்ற நேரங்களிலும் 4 திர்ஹம். நடுநிசிக்குப் பின் 1 மணி முதல் 6 மணி வரை இலவசம். காரைக் கழுவாமல் தூசி படியத் தெருவில் விட்டு ஊருக்கு வந்தால் நகரசபை 500 திர்ஹம் அபராதம் விதிக்கக் கூடும்!

2009 ஸெப்டம்பர் 9-ந் தேதி தொடங்கிய மெட்ரோ ரயில் ஓட்டுநரில்லாமலே ஓடுகிறது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனிப் பெட்டி உண்டு. ரயிலுக்குள் தின்பதும் குடிப்பதும் கூடாது; மீறினால் 100 திர்ஹம். பர் துபாயிலிருந்து தேராவுக்கு ஓடையைக் கடக்க இன்றும் அப்ரா என்னும் மரப் படகு இருக்கிறது. கட்டணம் ஒரே ஒரு திர்ஹம். வேலையிடமும் வீடும் ரயில் பாதையருகே அமைந்தால், முதல் இரண்டு வருஷம் கார் இல்லாமலிருப்பது நஷ்டமல்ல, லாபமே.

குடித்தனம்

வீட்டு வாடகையை அங்கே பெரும்பாலும் வருஷக் கணக்கில் பேசி, பின் தேதியிட்ட சில செக்குகளாக வாங்கிக்கொள்கிறார்கள். ஆகவே முதல் செக்குக்கும் முன்பணத்துக்கும் கையில் ரொக்கம் வேண்டும். ஒப்பந்தத்தை ‘இஜாரி’ என்னும் முறையில் பதிவு செய்ய வேண்டும். தண்ணீர், மின்சாரப் பில்லோடு வருஷ வாடகையில் நூற்றுக்கு ஐந்து வீதம் நகரசபை வரியும் வசூலாகிறது. வாடகைக்குப் பயந்து பலர் பக்கத்து ஷார்ஜாவில் குடியிருந்துகொண்டு துபாயில் வேலை பார்க்கிறார்கள். வாடகையில் மிஞ்சுவதைச் சாலையில் நேரமாகக் கொடுக்கிறார்கள். இருள் பிரியுமுன் புறப்பட்டு, குழந்தை உறங்கிய பின் திரும்பும் தகப்பனார்கள் அநேகர். இந்தப் பேரத்தில் எது மலிவு என்பதைக் கணவனும் மனைவியும் சேர்ந்து கணக்குப் பார்க்க வேண்டும்.

குடும்பத்தை அழைத்துக்கொள்வதற்கு மாதம் 4,000 திர்ஹம் சம்பளம், அல்லது 3,000 திர்ஹமும் குடியிருப்பும் இருக்க வேண்டும் என்பது விதி. விதி அனுமதிக்கிறது என்பதற்காக அந்தச் சம்பளம் போதும் என்று அர்த்தமல்ல. பள்ளிச் சம்பளமும் வைத்தியமும் நமது ஊரைப் போல இரா.

மூட்டை கட்டும் தாய்மார்களுக்கு ஒரு முக்கிய எச்சரிக்கை: குருமாவுக்கென்று கசகசாவை ஒரு சிட்டிகை கூடப் பெட்டியில் வைக்காதீர்கள். அந்நாட்டில் அது போதை வஸ்துவோடு சேர்த்துத் தடை செய்யப்பட்டது. வலிக்கும் இருமலுக்குமான சில மருந்துகளும் அப்படியே. வைத்தியர் சீட்டும் முன் அனுமதியும் இல்லாமல் கொண்டுபோகலாகாது. பிறர் கொடுத்தனுப்பும் பொட்டலத்தைப் பிரித்துப் பாராமல் வாங்கவே வேண்டாம். பிறரைக் கேளாமல் போட்டோ எடுப்பது குற்றம். ரமலான் மாதத்தில் பகல் வேளையில் நோன்பிருப்பவர் எதிரே உண்ணாமலிருப்பது மரியாதை. கோடையில் நிறுத்திய காருக்குள் குழந்தையை ஒரு நிமிஷம் கூட விட்டுச் செல்லலாகாது.

வெயிலில் நிற்பவர்கள்

இதுவரை சொன்னவை காரைப் பற்றி யோசிக்கக் கூடியவர்களுக்கு. ஆனால் அந்தச் சாலைகளைப் போட்டவர்களும், அந்த மாளிகைகளின் உச்சியில் நின்றவர்களும் நம்மவர்தாம். அவர்கள் தொழிலாளர் விடுதியிலிருந்து பஸ்ஸில் போய் பஸ்ஸில் திரும்புகிறார்கள். ஜூன் 15 முதல் ஸெப்டம்பர் 15 வரை பகல் 12-30 மணியிலிருந்து 3 மணி வரை திறந்த வெளியில் வேலை வாங்கக் கூடாதென்று சட்டம் இருக்கிறது. சம்பளத்தைப் பாங்கி மூலமே கொடுக்க வேண்டுமென்ற ஏற்பாடு 2009 முதல் இருக்கிறது. தொழிலாளியின் பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைத்துக்கொள்வதும், வேலைக்குச் சேர்த்ததற்கான செலவை அவரிடம் வாங்குவதும் சட்ட விரோதம். இவற்றை அறியாதவரிடந்தான் இவை மீறப்படுகின்றன.

உபாத்தியாயர் என்ற முறையில் நமக்கு மிகவும் உறுத்தும் விஷயம் இங்கேதான் இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேறாதவர் அந்நாட்டுக்கு வேலைக்குப் போவதானால் குடியேற்றப் பாதுகாப்பு அதிகாரியின் அனுமதி பெற வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். அது தடையல்ல, காவல். அந்தக் காவலைத் தாண்டுவதற்காகவே ஏஜெண்டுகள் சிலர் ‘விஸிட் விஸா’வில் அனுப்புகிறார்கள். அப்படிப் போய் வேலை செய்பவர் குற்றவாளியாகிறார். சம்பளம் வராவிட்டால் கேட்க வாயில்லை. அரசாங்க அனுமதி பெற்ற ஏஜெண்டு 30,000 ரூபாயும் அதன்மேல் வரியும் தவிர வேறு கட்டணம் வாங்க அதிகாரமில்லை. லட்சக் கணக்கில் கேட்பவரிடம் நிலப் பத்திரத்தையும் தாலிக் கொடியையும் அடகு வைத்துப் பணம் கொடுப்பதற்குமுன், அவருடைய அனுமதி எண்ணைக் கேளுங்கள். பத்தாம் வகுப்பில் தவறிய பையனை இன்னும் ஒரு முறை பரீக்ஷைக்கு அனுப்புங்கள். ஒரு வருஷத் தாமதம் பல வருஷக் கடனைத் தடுக்கும்.

துபாயில் சிவப்பு விளக்குக்குப் பணிந்து நிற்கும் அதே தமிழர், விடுமுறைக்கு வந்து சென்னையில் இறங்கியதும் விளக்கைப் பாராமல் பறப்பதை நாம் காண்கிறோம். ஆளொன்றும் மாறவில்லை. அங்கே விதி எல்லோருக்கும் ஒரே மாதிரி தவறாமல் வந்து சேரும் என்ற நிச்சயம் அவரை ஒழுங்குபடுத்துகிறது. அந்த ஒழுங்கைத் திர்ஹத்தோடு சேர்த்து ஊருக்கும் கொண்டுவந்தால் அதற்குச் சுங்கம் கிடையாது. போகிறவர்கள் உரிய தாள்களுடன் போகட்டும். கண் திறந்து ஓட்டட்டும். க்ஷேமமாகத் திரும்பி வரட்டும்.