புகைபோக்கியை எவ்வளவு பெரிதாகக் காட்டலாம்?

எண்ணூர்க் கழிமுகத்தின் படங்களில் இந்தக் காட்சி அடிக்கடி வரும். தொடையளவுத் தண்ணீரில் வீச்சுவலையோடு ஒருவர். அவர் முதுகுக்குப் பின்னால் வடசென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள், எட்டித் தொடும் தூரத்தில் இருப்பதுபோல. நேரில் போனால் அவை எங்கோ தள்ளி நிற்கும். கேமராவைக் குறை சொல்ல வேண்டாம். எல்லாம் தூரக் கணக்கு.

புகைபோக்கி 250 மீட்டர் உயரம், 5 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தொலைவு, உயரத்தைப் போல 20 மடங்கு. தண்ணீருக்கு மேலே ஒரு மீட்டர் தெரிகிற மீனவரை 20 மீட்டரிலிருந்து எடுத்தால் அவருக்கும் அதே 20 மடங்கு. படத்தில் இரண்டும் ஒரே உயரம். 40 மீட்டருக்குப் பின்வாங்குங்கள்: ஆள் பாதியாகிவிடுவார், புகைபோக்கி ஏறக்குறைய அப்படியே இருக்கும். 10 மீட்டருக்கு நெருங்கினால் ஆள் ஓங்கி நிற்பார், ஆலை அவர் இடுப்பளவுக்கு இறங்கிவிடும்.

இந்த விகிதத்தில் டெலி லென்ஸுக்குப் பங்கே இல்லை என்றால் பலரும் நம்புவதில்லை. நின்ற இடத்திலிருந்தே செல்போனில் அகலமாக எடுத்து, நடுப்பகுதியை மட்டும் வெட்டிப் பாருங்கள். விகிதம் மாறாது, படம்தான் புள்ளி புள்ளியாக உடையும். அந்த உடைசல் இல்லாமல் எடுக்கத்தான் 200, 400 மில்லிமீட்டர் லென்ஸுக்குக் காசு கொடுக்கிறோம்.

அடுத்தது வெளிச்சம். மின்நிலையம் கொசஸ்தலையாற்றுக்குக் கிழக்கே இருப்பதால், மேற்குக் கரையிலிருந்து காலையில் எடுத்தால் கருத்த உருவம்தான் விழும். சாயங்கால வெயிலில்தான் புகைகூட நிறம் காட்டும். மார்கழிப் பனியில் சில நாள் ஆலையே காணாமல் போகும்.

பழவேற்காட்டுப் பூநாரைப் படங்கள் வேண்டிய அளவு வந்துவிட்டன என்பது என் கட்சி. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் கேமராவைத் திருப்பலாம். 1975இல் அமெரிக்காவின் ராசெஸ்டரில் ‘நியூ டோபோகிராஃபிக்ஸ்’ என்ற கண்காட்சியில் 10 பேர் தொழிற்கூடம், புதுக் குடியிருப்பு, சாலை என்று மனிதன் மாற்றிய நிலத்தைப் பூச்சில்லாமல் காட்டினார்கள். நிலக்காட்சி என்றால் மலையும் அருவியும்தான் என்ற எண்ணம் அதற்குப் பிறகு ஆட்டம் கண்டது.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: துறைமுகம், மின்நிலையம் பக்கம் அனுமதி இல்லாமல் ட்ரோன் பறக்கவிடாதீர்கள். வலைக்காரரிடம் அவர் தண்ணீரில் இறங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். இறங்கிய பிறகு பேச்சுக் கொடுத்தால் அவர் வேலை கெடும்.