தொண்டையில் தொடங்கி இருதயத்தைத் தாக்கும் நோய்

இருதய நோய் என்றதும் முதியவர்களும் உடல் பருத்தவர்களுமே நம் நினைவுக்கு வருகிறார்கள். ஆனால் பள்ளிப் பருவத்தினரைத் தேடி வரும் இருதய நோய் ஒன்று உண்டு. அதன் பெயர் ருமாட்டிக் இருதய நோய். பெரும்பாலும் 5 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளிடமே இது வேர்விடத் தொடங்குகிறது. வளர்ந்தபின் இதனால் வருந்துவோரில் பெண்களே அதிகம். ஆகவே தோழியரே, இதனைப் பற்றி நாம் அறிந்திருப்பது அவசியம்.

இருதயத்தின் கதவுகள்

நம் கைமுட்டியின் அளவே உள்ள இருதயம், ஒரு நாளில் ஏறத்தாழ 1 லட்சம் முறை துடிக்கிறது. மேலே 2 ஆரிக்கிள்கள், கீழே 2 வெண்ட்ரிக்கிள்கள் என அதில் 4 அறைகள் உள்ளன. இரத்தம் முன்னோக்கி மட்டுமே செல்லும்படி 4 வால்வுகள் கதவுகளைப் போல் காவல் புரிகின்றன. இடப்பக்கத்து இரு அறைகளுக்கும் இடையே இருப்பது மிட்ரல் வால்வு. ஆயர் அவர்கள் திருப்பலியின்போது அணியும், இரு மடல்கள் கொண்ட உயர்ந்த தொப்பியை நாம் பார்த்திருக்கிறோம். அதற்கு மைட்டர் என்று பெயர். அந்த வடிவில் இருப்பதால்தான் இவ்வால்வுக்கு மிட்ரல் என்று பெயர் வந்தது. ருமாட்டிக் நோய் மிகுதியும் பாழாக்குவது இந்தக் கதவையே.

நோய் வரும் விதம்

தொண்டை வலிகளில் பெரும்பாலானவை தாமாகவே குணமாகும். ஆனால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமியால் வரும் தொண்டைப் புண்ணை அப்படி விட்டுவிடக் கூடாது. அக்கிருமியை எதிர்க்க நம் உடல் எதிர்ப்புப் பொருள்களை உண்டாக்குகிறது. கிருமியின் சில பகுதிகள் நம் இருதயத் திசுக்களை ஒத்திருப்பதால், பகைவனை அழிக்கப் புறப்பட்ட படை சிலருக்குத் தன் வீட்டையே தாக்கிவிடுகிறது.

தொண்டை வலி மறைந்து 2 அல்லது 3 வாரங்களுக்குப் பின் காய்ச்சல் வரும். இன்று முழங்கால், நாளை கணுக்கால், பிறகு முழங்கை என்று மூட்டுகள் மாறி மாறி வீங்கி வலிக்கும். மூட்டு வலி வந்த சுவடின்றிப் போய்விடும். இருதயத்தில் விழுந்த தழும்போ போவதில்லை.

சில பிள்ளைகளுக்கு, சிறப்பாகச் சிறுமியருக்கு, வேறோர் அறிகுறியும் தோன்றும். கைகால்கள் தாமாகவே வெட்டி வெட்டி இழுக்கும். அழகாக இருந்த கையெழுத்து கிறுக்கலாகும். கையிலுள்ள தம்ளர் நழுவி விழும். காரணமின்றி அழுகை வரும். 1686-இல் தாமஸ் சிடன்ஹாம் என்ற ஆங்கில மருத்துவர் இதனை விவரித்தார். மறைசாட்சியான புனித வீத்துஸின் பெயரால் 'புனித வீத்துஸ் நடனம்' என்றும் இதனை அழைப்பர். ஒரு மாணவியின் கையெழுத்து திடீரெனக் கெட்டுப்போனால், கடிந்துகொள்ளும் முன் மருத்துவரிடம் காட்டுவதே நலம்.

உடல் படும் பாடு

தழும்பேறிய மிட்ரல் வால்வு தடித்து, ஓரங்கள் ஒட்டி, சிறு துவாரம்போல் குறுகிவிடுகிறது. இதற்குப் பல ஆண்டுகள் ஆகலாம். முன்னே செல்ல வழியில்லாத இரத்தம் நுரையீரலில் தேங்குகிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும்; மல்லாந்து படுக்க முடியாது; இருமலில் இரத்தமும் வரலாம். நாளடைவில் வலப்பக்க இருதயமும் தளர்ந்து, கல்லீரலும் கால்களும் வீங்கும். மேலறையில் உறையும் இரத்தக்கட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம் வரும். கருவுற்ற காலத்தில் உடலில் இரத்தத்தின் அளவு பெருகுவதால், அதுவரை மறைந்திருந்த நோய் அப்போதுதான் வெளிப்படுவதும் உண்டு. தாய், சேய் இருவருக்குமே அது ஆபத்து.

குறுகிய வால்வைப் பலூன் செலுத்தி விரிக்கும் முறை இன்று உண்டு. மிகவும் கெட்டுவிட்டால் செயற்கை வால்வு பொருத்துவர். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் உருவான இந்திய வால்வு, 1990-இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது.

வருமுன் காப்போம்

1928-இல் அலெக்ஸாண்டர் ஃபிளெமிங் கண்டறிந்த பெனிசிலினே இன்றும் இதற்குச் சிறந்த மருந்து. காய்ச்சலுடன் கடும் தொண்டை வலி வந்து, விழுங்க முடியாமல், கழுத்தில் நெறி கட்டினால், உப்பு நீரில் கொப்பளிப்பதோடு நின்றுவிடாமல் மருத்துவரை நாட வேண்டும். அவர் தரும் மருந்தை, வலி நின்ற பிறகும் சொன்ன நாள்வரை உட்கொள்ள வேண்டும்.

ஒருமுறை ருமாட்டிக் காய்ச்சல் வந்தவர்களுக்கு 3 அல்லது 4 வாரங்களுக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி, பல ஆண்டுகள் தொடர வேண்டும். ஒவ்வொரு முறை நோய் திரும்பும்போதும் தழும்பு கூடும் என்பதே காரணம். "பிள்ளைதான் நன்றாக ஓடியாடுகிறாளே, ஊசி எதற்கு?" என்று பெற்றோர் நிறுத்திவிடக் கூடாது.

காற்றோட்டமில்லாத, நெருக்கமான இல்லங்களில் இக்கிருமி எளிதில் பரவும். வளம் மிக்க நாடுகளில் பெரும்பாலும் மறைந்துவிட்ட இந்நோய், ஏழை எளியவரிடையே இன்னும் நீடிப்பது இதனாலேயே. இருமும்போது வாயை மூடுவதும், கைகளைக் கழுவுவதும் நம்மையும் அடுத்திருப்பவரையும் காக்கும்.

தோழியரே, தொண்டை வலியையோ மூட்டு வலியையோ பரீட்சைக்கும் விளையாட்டு விழாவுக்கும் அஞ்சி மறைக்காதீர்கள். அன்னையிடமோ அருட்சகோதரியரிடமோ உடனே சொல்லுங்கள். முதல் வெள்ளிதோறும் இயேசுவின் திருஇருதயத்தை வணங்கும் நாம், அவர் நமக்குத் தந்த இருதயத்தையும் பொறுப்புடன் பேணுவோமாக!