வேலை வாசல் – 9: கூட நிற்க ஒருவர்

"பதினெட்டு வயசு வரைக்கும் ஸ்பெஷல் ஸ்கூல் இருக்கு. அதுக்கப்புறம்?" ஆட்டிசம் உள்ள பிள்ளைகளைப் பெற்றவர்கள் கூடுமிடமெல்லாம் எழும் கேள்வி இது. மண்ணூர் போன்ற ஊரில் அது இன்னும் உறைக்கிறது. பக்கத்திலேயே இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர். தெற்கே போனால் ஒரகடம். 1990களின் கடைசியில் ஹூண்டாய், 2010ல் ரெனோ-நிசான், அவற்றுக்குப் பாகம் செய்துகொடுக்கும் சிறிதும் பெரிதுமான ஆலைகள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் இளைஞர்கள் ரயிலேறி வந்து வேலை பார்க்கும் வட்டாரத்தில், உள்ளூர்ப் பிள்ளை ஒருவன் இருபத்தைந்து வயதிலும் வீட்டோடு இருக்கிறான் என்றால், காரணத்தை அவனிடம் மட்டும் தேடுவது நியாயமில்லை.

வாகன உதிரிபாக ஆலை ஒன்றின் உட்புறத்தை எண்ணிப் பாருங்கள். தரையில் மஞ்சள் கோடு. எந்தக் கருவி எங்கே தொங்கவேண்டும் என்று பலகையில் அதன் வடிவம் வரைந்திருக்கும். ஒவ்வொரு வேலையிடத்திலும் படத்தோடு வேலைக்குறிப்புத் தாள். தப்பாக மாட்டினால் பாகம் உள்ளே போகாதபடி அமைத்த ஜிக். ஜப்பானியத் தொழிற்சாலைகளிலிருந்து பரவிய இந்த முறைகள் பிழையைக் குறைக்க வந்தவை. ஆட்டிசம் உள்ள பலருக்கு வேண்டியதும் இதுதான்: என்ன செய்யவேண்டும், எந்த வரிசையில், எப்போது முடியும் என்பது கண்ணெதிரே தெளிவாக இருக்கவேண்டும். லைன் அவர்களுக்குப் பாதி தயாராகவே இருக்கிறது. தயாராக இல்லாதது கேட்.

கேட்டில் நேர்முகத் தேர்வு நடக்கிறது. "உன்னைப் பத்திச் சொல்லு" என்கிறார்கள். கண்ணைப் பார்த்துப் பேசாதவர், கேள்விக்கு நேர்ப்பொருள் எடுத்துக்கொள்பவர், பதில் சொல்ல நேரம் பிடிப்பவர் அங்கேயே விழுந்துவிடுகிறார். டென்மார்க்கில் தோர்கில் சோன என்பவர், தன் மகனுக்கு ஆட்டிசம் என்று அறிந்தபின், 2004ல் ஸ்பெஷலிஸ்டர்ன என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். பேச்சைக் கேட்டு ஆளை எடைபோடாமல், லெகோ ரோபோக்களைக் கட்டச் சொல்லி வேலையைப் பார்த்து எடைபோட்டார்கள். பெங்களூரில் எஸ்.ஏ.பி. நிறுவனம் ஆட்டிசம் உள்ளவர்களைப் பணியில் சேர்க்கத் தொடங்கியது; 2013ல் அதை உலகம் முழுக்க விரிவாக்குவதாக அறிவித்தபோது, கூட்டுச் சேர்ந்தது இந்த டென்மார்க் நிறுவனத்தோடுதான். இந்தக் கதைகளைக் கேட்டு, ஆட்டிசம் என்றாலே கம்ப்யூட்டர் மேதை என்று நினைத்துவிடக்கூடாது. சிலர் பேசவே மாட்டார்கள். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய எல்லோருக்கும் பிடிக்கும் என்பதும் பொய். ஒவ்வொருவரையும் தனியாகப் பார்க்கத்தான் வேண்டும்.

அப்படிப் பார்ப்பவருக்கு ஜாப் கோச் என்று பெயர். 1980களில் அமெரிக்காவில் வேரூன்றிய முறை இது: பயிற்சி முடித்தபின் வேலை தேடுவதற்குப் பதிலாக, முதலில் வேலையில் அமர்த்தி, அந்த இடத்திலேயே கற்றுக்கொடுப்பது. கோச் முதலில் தானே அந்த வேலையைச் செய்து பார்க்கிறார். ட்ரேயில் பாகங்களை அடுக்கும் வேலை என்றால், எந்தப் பெட்டியிலிருந்து எதை, எத்தனை, எந்தக் கையால் என்று பத்துப் பதினைந்து படிகளாகப் பிரிக்கிறார். பிறகு அந்த இளைஞருக்குப் பக்கத்தில் நிற்கிறார். ப்ரெஸ் ஷாப் சத்தம் தாங்கவில்லையா, காது மூடியோ வேறு இடமோ கேட்கிறார். வாரம் மாறும் ஷிப்ட் தூக்கத்தைக் குலைக்கிறதா, நிரந்தர முதல் ஷிப்ட் கேட்கிறார். சூப்பர்வைசரிடம், "அதைக் கொஞ்சம் பாத்துக்கோன்னு சொல்லாதீங்க, இருபது பாக்ஸ் கட்டிட்டு என்கிட்ட வான்னு சொல்லுங்க" என்று விளக்குகிறார். நாளாக ஆக ஓரடி ஓரடியாக விலகி, கடைசியில் எப்போதாவது வந்து பார்க்கிறார். மாடல் மாறும்போதும் சூப்பர்வைசர் மாறும்போதும் திரும்ப வருகிறார். நன்றாகப் போய்க்கொண்டிருந்த வேலை கைநழுவுவது பெரும்பாலும் அந்த மாற்றத்தின்போதுதான்.

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஆட்டிசம் உள்ள இளைஞர்களுக்கு மருத்துவமனைகளுக்குள்ளேயே இப்படிப் பயிற்சி கொடுத்து ஆராய்ந்தார்கள். பயிற்சி பெற்ற 24 பேரில் 21 பேருக்கு வேலை கிடைத்தது. வழக்கமான பள்ளி வழியில் போன 16 பேரில் ஒருவருக்கு. சிறிய ஆய்வுதான். ஆனாலும் இந்த இடைவெளியைப் பார்த்தபின், "இந்தப் பிள்ளைகளால் முடியாது" என்று யாரும் சொல்லக்கூடாது.

நம்மிடம் சட்டம் இருக்கிறது. 2016ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு வேலையில் 4 சதவீதம் ஒதுக்குகிறது. அதில் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மனநோய் உள்ளிட்ட பல பிரிவுகளுக்கும் சேர்த்தே 1 சதவீதம். தனியார் ஆலைக்கு ஒதுக்கீடு இல்லை. ஆனால் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை அது வெளியிட்டே ஆகவேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமானால், எந்தெந்தப் பணிகள் பொருந்தும், தேர்வு எப்படி என்பதும் அதில் இருக்கவேண்டும். தொடர்பு அலுவலர் ஒருவரையும் நியமிக்கவேண்டும்.

கிண்டியில் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய தொழில்சேவை மையம் இருக்கிறது. முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இருக்கிறது. திறனை அறியவும் பயிற்சி பெறவும் இவை உதவும். ஆலைக்குள் வந்து கூட நிற்கத்தான் ஆளில்லை. ஜாப் கோச்சுக்குச் சம்பளம் கொடுக்கக் குடும்பத்தால் ஆகாது, ஆலைக்கு ஆள் அனுப்பும் காண்ட்ராக்ட்காரர் கொடுக்கப்போவதில்லை. வழி இல்லாமலும் இல்லை. 2013ன் கம்பெனிகள் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் சமூகப் பொறுப்புக்காக லாபத்தில் 2 சதவீதம் செலவிடுகின்றன. மாற்றுத்திறனாளிகளின் வேலைத்திறனை வளர்ப்பது அந்தப் பட்டியலிலேயே உள்ளது. தன் ஊழியருக்கு மட்டும் பயன்படும் செலவு அந்தக் கணக்கில் சேராது. ஆகவே பல ஆலைகள் சேர்ந்து, இந்த வட்டாரம் முழுமைக்கும் பொதுவாக ஜாப் கோச்சுகளை அமர்த்தும் ஓர் அமைப்புக்குப் பணம் தரவேண்டும்.

மண்ணூர்ப் பக்கத்துப் பெற்றோர்களே, மாற்றுத்திறனாளிகளுக்கான யு.டி.ஐ.டி. அடையாள அட்டை இல்லையென்றால் முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள். பிறகு பக்கத்து ஆலையின் மனிதவளப் பிரிவுக்கு எழுதி, சமவாய்ப்புக் கொள்கையின் நகலையும் தொடர்பு அலுவலரின் பெயரையும் கேளுங்கள். நேர்முகத் தேர்வுக்குப் பதில் சில நாள் வேலை செய்துகாட்ட அனுமதி கேளுங்கள். பத்துக் குடும்பங்கள் சேர்ந்து கேட்டால் பதில் சொல்லாமல் இருப்பது கடினம்.