ஷோரீலும் நாணயமும்

காட்சித் தொடர்பியல் பயிலும் மாணாக்கர் பட்டச் சான்றிதழோடு மற்றொன்றையும் கையிலேந்தி வாய்ப்புத் தேடுகின்றனர். தாம் ஆக்கிய படங்களினின்றும் தெரிந்தெடுத்துக் கோத்த, ஓரிரு மணித்துளிகளில் ஓடி முடியும் அத்தொகுப்பை ‘ஷோரீல்’ என்பர். பார்ப்பவரது பொறுமை சிறிது. ஆதலின் சிறந்த காட்சியே முதலில் நிற்றல் வேண்டும். அதனை இறுதிக்கெனச் சேமித்து வைத்தல் பேதைமை.

குறும்படத்தின் ஆற்றலை நாம் அறியாதவரல்லோம். பாலாஜி மோகன் எடுத்த ‘காதலில் சொதப்புவது எப்படி’ என்னும் குறும்படமே 2012-இல் அதே பெயரில் முழுநீளத் திரைப்படமாக வளர்ந்தது. ஆயினும் எப்படமும் ஒருவர் கைவண்ணமன்று. ஒளிப்பதிவு ஒருவர், படத்தொகுப்பு ஒருவர், ஒலி ஒருவர் என உழைப்பர். ஒரே குறும்படம் நால்வர் ஷோரீலிலும் இடம்பெறலாம்; அதில் தவறில்லை. அக்காட்சியில் தம் பணி யாது என்பதனைத் திரையில் எழுதிக் காட்டாமையே தவறு.

நம் மாணவர் ஒருவர், நண்பர் பதிவு செய்த மழைக்காட்சியொன்றைத் தம் தொகுப்பின் முகப்பில் வைத்தார். நேர்காணலில், “இதற்கு எந்த லென்ஸைப் பயன்படுத்தினீர்கள்?” என வினவினர். விடையில்லை. அதன்பின் வந்த அவருடைய சொந்தக் காட்சிகளையும் எவரும் நம்பவில்லை. (அவர் நல்ல படத்தொகுப்பாளர் என்பதை நாம் நன்கறிவோம்!)

‘தனி முத்திரை’ என்று இக்காலத்தார் பெரிதாகப் பேசுவதனை நம் முன்னோர் கடைத்தெருவில் ‘நாணயம்’ என்றே வழங்கினர். மறுதிங்கள் அம்மாணவர் மழைக்காட்சியை நீக்கினார். தாம் தொகுத்த திருமணக் காணொளியின் ஒரு பகுதியை முதலில் வைத்து, ‘படத்தொகுப்பு மட்டும்’ என அடியில் எழுதினார்.