நகர மறுக்கும் கியர் பிடி

பழைய தானியங்கி மகிழுந்துகளில் ஏற்படும் சிக்கல்களுள் ஒன்று ஓட்டுநரைத் திகைக்க வைக்கும். இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும், பிரேக்கை மிதித்தும் ஆயிற்று. ஆனால், கியர் பிடி ‘பி’ எனும் நிறுத்த நிலையை விட்டு அசையாது.

1985ஆம் ஆண்டில் புரோட்டோன் சாகாவும் 1994ஆம் ஆண்டில் பெரோடுவா கஞ்சிலும் சந்தைக்கு வந்தன. அதன் பிறகு, சொந்த மகிழுந்து என்பது தோட்டப்புற மக்களுக்கும் எட்டக்கூடியதாயிற்று. மலாக்கா மாநிலத்தின் ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் இரப்பர், செம்பனைத் தோட்டங்களை ஒட்டி வாழும் குடும்பங்கள் பலவற்றுக்கு, இன்றும் ஒரு பழைய மகிழுந்தே வேலைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் துணை. அது அசையாமல் நின்றுவிட்டால் அன்றைய வேலைகள் யாவும் தடைபடும். அவசரத்தில் சிலர் பிடியை வலிந்து இழுப்பர். ‘ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு’ என்பதுபோல், சிறிய பழுது பெரிய செலவாக முடியும். பிடியோ அதனுடன் இணைந்த கம்பிவடமோ உடைந்துவிடக்கூடும்.

‘பி’ நிலையில் இரண்டு பூட்டுகள் செயல்படுகின்றன. முதற்பூட்டு கியர்ப் பெட்டிக்குள் இருக்கிறது. அங்கே சக்கரங்களோடு தொடர்புடைய பல்சக்கரம் ஒன்றின் இடைவெளியில் ஓர் இரும்புக் கொக்கி விழுந்து, மகிழுந்தை உருளவிடாமல் தடுக்கிறது. இரண்டாவது பூட்டு கியர் பிடியின் அடியில் உள்ளது. ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கும்போது, ஒரு சிறிய மின்காந்தம் இயங்கி இப்பூட்டைத் திறக்கிறது. பிரேக்கை மிதிக்காதவரை பிடி நகராது.

இந்த இரண்டாவது பூட்டு பரவலானதற்கு ஒரு காரணம் உண்டு. 1980களில் அமெரிக்காவில், ஆடி 5000 வகை மகிழுந்துகள் தாமாகவே சீறிப் பாய்வதாகப் புகார்கள் எழுந்தன. இத்தகைய நிகழ்வுகளை ஆராய்ந்த அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு, 1989ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டது. பெரும்பாலான நிகழ்வுகளில், ஓட்டுநர்கள் பிரேக் என நினைத்து எண்ணெய் மிதியை மிதித்திருக்கலாம் என அது கூறியது. கால் பிரேக்கில் இருந்தால்தான் பிடி நகரும் என்ற ஏற்பாடு இத்தவற்றைத் தடுக்கிறது. எனவே, நகர மறுக்கும் பிடி சில வேளைகளில் தன் கடமையைத்தான் செய்கிறது. ஓட்டுநரின் கால் பிரேக்கில் இருக்கும் செய்தி அதற்கு எட்டவில்லை, அவ்வளவுதான்.

அச்செய்தியை அனுப்புவது, பிரேக் மிதியின் மேற்புறத்தில் உள்ள சிறிய சுவிட்ச். பல மகிழுந்துகளில் இதே சுவிட்ச்தான் பின்புறப் பிரேக் விளக்குகளையும் எரிய வைக்கிறது. ஆகவே, காரணத்தைக் கண்டறியும் வழி மகிழுந்தின் பின்புறத்தில் தொடங்குகிறது.

முதலில், சாவி சரியான நிலைக்குத் திருப்பப்பட்டுள்ளதா, மின்கலத்தில் ஆற்றல் உள்ளதா எனப் பார்க்க வேண்டும். மின்சாரம் இல்லையெனில் மின்காந்தம் இயங்காது. அடுத்து, கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, ஒருவர் பிரேக்கை மிதிக்க, மற்றொருவர் பக்கவாட்டில் நின்று பின்விளக்குகளைக் கவனிக்க வேண்டும். விளக்குகள் எல்லாமே எரியவில்லை என்றால், பியூஸ் அல்லது பிரேக் சுவிட்ச் பழுதாகியிருக்கலாம். விளக்குகள் எரிந்தும், பிடியின் அருகே ‘டக்’ என்ற ஒலி கேட்கவில்லை என்றால், மின்காந்தத்திலோ அதன் மின்கம்பியிலோ கோளாறு இருக்கலாம். பிடியைச் சுற்றிச் சிந்திய தே தாரிக்கும் உள்ளே விழுந்த நாணயமும்கூட இதற்குக் காரணமாகலாம்.

சில நேரங்களில் கோளாறு நேர்மாறாகத் தோன்றும். பிரேக் மிதியின் தண்டில், சுவிட்ச் முட்டி நிற்பதற்காகச் சிறிய இரப்பர் அல்லது நெகிழித் துண்டு பொருத்தப்பட்டிருக்கும். அது நாளடைவில் நொறுங்கி விழுந்துவிடும். அப்போது, காலை எடுத்த பின்னரும் பிரேக் விளக்குகள் எரிந்துகொண்டே இருக்கும். இரவு முழுவதும் எரிந்தால் மின்கலம் தீர்ந்துவிடும். காலையில் இயந்திரமும் முடுங்காது, பிடியும் நகராது. மிதியின் அடியில் கிடக்கும் நெகிழித் துணுக்குகளே இதற்குச் சான்று.

மின்சாரத்தில் குறையேதும் இல்லாமலும் பிடி இறுகலாம். குனோங் லேடாங் அடிவாரத்தில் உள்ள ஆசாஹான் போன்ற பகுதிகளின் மேட்டுச் சாலைகளில், கைப்பிரேக் இழுக்காமல் ‘பி’ நிலையில் நிறுத்தினால், மகிழுந்தின் எடை முழுவதையும் அந்த இரும்புக் கொக்கியே தாங்குகிறது. பின்னர் அதை விடுவிப்பது கடினம். இதைத் தவிர்க்க, பிரேக்கை மிதித்தவாறே ‘என்’ நிலைக்கு மாற்றிக் கைப்பிரேக்கை இழுக்க வேண்டும். பின்பு மிதியை மெல்லத் தளர்த்தி, மகிழுந்து உருளாததை உறுதி செய்ய வேண்டும். அதன் பிறகே மீண்டும் பிரேக்கை மிதித்து ‘பி’ நிலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

பல மகிழுந்துகளில், பிடியின் அருகே சிறிய மூடியோ பொத்தானோ இருக்கும். கைப்பிரேக்கை இழுத்து, பிரேக்கையும் மிதித்துக்கொண்டு, பயனர் கையேடு கூறும் முறையில் அதை அழுத்தினால் பூட்டு விடுபடும். பிடியை ‘என்’ நிலைக்கு மாற்றலாம். ஆனால், பூட்டு விடுபட்டதால் பழுது நீங்கிவிட்டதாகப் பொருளன்று. பிரேக் விளக்குகள் எரியாத மகிழுந்தைச் சாலையில் ஓட்டுவது ஆபத்தானது. முன்னால் செல்லும் மகிழுந்து வேகம் குறைவதை, பின்னால் வரும் மோட்டார் சைக்கிளோட்டி அறியமாட்டார். செம்பனைக் குலைகளை ஏற்றி வரும் லாரி ஓட்டுநரும் அறியமாட்டார். அதனால், பட்டறைக்காரரை வரவழைப்பதோ இழுவை வண்டியை அழைப்பதோ சிறந்தது.

இச்சிக்கலை முன்கூட்டியே அறியவும் எளிய வழி உண்டு. இரவில் மகிழுந்தை வீட்டுச் சுவருக்குப் பின்புறம் காட்டி நிறுத்தி, பிரேக்கை மிதித்துப் பார்க்கலாம். சுவரில் சிவப்பொளி கூடினால் விளக்கு எரிகிறது. காலை எடுத்தும் அவ்வொளி குறையாவிட்டால், சுவிட்சை உடனே கவனிக்க வேண்டும்.