அளவோடு பூசினால் மருந்து



சித்திரை வெயில் ஏறிவிட்டால் திருப்பரங்குன்றத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் வியர்வையோடு அரிப்பும் வந்துவிடுகிறது. வயல் வேலை, கட்டட வேலை செய்கிறவர்களுக்கு இடுப்பிலும் தொடையிடுக்கிலும் படர்தாமரை படருகிறது. கடையில் ஏதோ ஒரு களிம்பை வாங்கிப் பூசுகிறார்கள். இரண்டே நாளில் அரிப்பு அடங்கிவிடும். "கைகண்ட மருந்து" என்று பக்கத்து வீட்டுக்கும் அதைக் கொடுக்கிறார்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் தொல்லை அங்கேதான் ஆரம்பம்.

படர்தாமரை ஒரு பூஞ்சை நோய். ஸ்டீராய்டு பூஞ்சையைக் கொல்வதில்லை; பூஞ்சையை எதிர்க்கும் நம் உடலின் சக்தியைத்தான் அடக்குகிறது. ஆகையால் சிவப்பும் அரிப்பும் குறைகின்றன, பூஞ்சையோ தடையின்றிப் பரவுகிறது. வட்டமான ஓரம் மங்கிப்போவதால் நோயைக் கண்டுபிடிப்பதும் கடினமாகிறது. நாளடைவில் தோல் மெலிந்து, தொடையில் வரிவரியாகத் தழும்புகள் விழும். அவை முற்றிலும் மறைவதில்லை. சிவப்பழகுக்காக முகத்தில் பூசுகிறவர்களுக்கு முகம் சிவந்து, பருக்கள் வந்து, வெயில் பட்டாலே எரியும்.

இதனால் ஸ்டீராய்டு கெட்ட மருந்து என்று எண்ணிவிட வேண்டாம். 1952-ல் அமெரிக்க மருத்துவர்கள் சல்ஸ்பெர்கரும் விட்டனும் ஹைட்ரோகார்ட்டிசோனைத் தோலில் பூசிப் பயன் கண்டார்கள். அன்றுமுதல் கரப்பான் போன்ற நோய்களால் தூக்கமிழந்த எத்தனையோ பேருக்கு இது நிம்மதி தந்திருக்கிறது. ஆனால் மருத்துவர் சீட்டு வேண்டும். 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளைச் சீட்டின்றி விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது.

நாம் நினைவில் வைக்க வேண்டியவை:

1. வாங்குமுன் குழாயில் உள்ள பெயரைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால், மொமெட்டசோன் ஆகியவை ஸ்டீராய்டுகளே.

2. பெரியவரின் ஆட்காட்டி விரல் நுனி முதல் முதல் ரேகை வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம். விரல்கள் உட்பட இரண்டு உள்ளங்கை அளவுள்ள இடத்துக்கு அது போதும்.

3. மருத்துவர் சொன்ன இடத்தில், சொன்ன நாட்கள் மட்டும் மெல்லியதாகப் பூசுங்கள்.

4. முகம், அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் தோல் மென்மையானது. மருந்து அதிகமாக உள்ளே இறங்கும். கண்ணருகே நீண்ட நாள் பூசினால் கண் அழுத்த நோய் வரக்கூடும். குழந்தைகளுக்கு நீங்களாகப் பூசவே வேண்டாம்.

5. பல மாதங்களாகப் பூசி வருகிறவர்கள் திடீரென்று நிறுத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். எத்தனை நாள் பூசினீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

பிறருக்குக் கொடுத்து உதவும் நல்ல மனம் உடையவர்கள் நீங்கள். ஆனாலும் உங்கள் வீட்டில் மீதியிருக்கும் களிம்புக் குழாயை மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். அரிப்போடு வருகிறவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அதுவே அவருக்கு நீங்கள் செய்யும் நல்ல உதவி.